வாய்க்காலில் கழிவு: வக்கீலிடம் போகும் முன் கையில் என்ன வேண்டும்?

தோவாளை வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"எங்களுக்குக் கடைவரம்பில் இரண்டு ஏக்கர் வயல். கும்பப்பூ நட்டு இருபதாவது நாள், ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கோழிக்கழிவும் இறைச்சிக்கழிவும் கொண்டுவந்து சானலில் மூட்டை மூட்டையாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூட்டைகள் மிதந்து வந்து எங்கள் மடையில் அடைத்துக்கொண்டன. நாற்றம் தாங்காமல் களை பறிக்க ஆள் இறங்க மாட்டேன் என்கிறது. நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். 'கலெக்டருக்கு ஒரு மனு குடுங்க, பாப்போம்' என்றார். கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. சுற்றுச்சூழலுக்கு இத்தனை சட்டம் இருக்கிறது என்கிறார்களே, வக்கீலுக்குப் படிக்கிறவர்களுக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுக்க மாட்டார்களா?"

சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இதே போன்ற கடிதங்கள் பல வந்திருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கல்லூரியில் நடப்பது

பார் கவுன்சில் 2008இல் கொண்டுவந்த சட்டக்கல்வி விதிகளின்படி சுற்றுச்சூழல் சட்டம் ஒரு கட்டாயப் பாடம். நம் பிள்ளைகள் நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் படித்தாலும் திருவனந்தபுரத்தில் படித்தாலும் அந்தத் தாளில் தேறாமல் பட்டம் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு எழுதும் அகில இந்திய பார் தேர்விலும் இதிலிருந்து கேள்வி வரும். நூறு கேள்வியில் இரண்டு.

மாணவர்கள் படிப்பது 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2010ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். கூடவே உச்ச நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்புகள். அதில் முதல் வரிசையில் நிற்பது நம் தமிழ்நாட்டு வழக்குதான். வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறும் கிணறுகளும் விளைநிலங்களும் பாழானதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவைக் கட்ட வேண்டும், கெடுதல் வருமுன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். எந்தச் சட்ட மாணவரை எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. நட்ட ஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2001இல் அந்த ஆணையம் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நட்ட ஈடு நிர்ணயித்தது. அப்படியும் விவகாரம் முடியவில்லை. அதே ஆலைக்கழிவு, அதே நட்ட ஈடு மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஜனவரி 30ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. பாக்கி நட்ட ஈட்டைக் கொடுங்கள், மேற்பார்வைக்குக் குழு போடுங்கள் என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஓடியது 28 வருடத்துக்கு மேல். 1996இல் வயல் கெட்டுப்போனவர் வீட்டில் இப்போது பேரன் பேத்தி வளர்ந்திருப்பார்கள்.

தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, அதை நடத்திக்காட்டுவது வேறு வேலை. முதல் வேலை புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது வேலை தாலுகா ஆபீசிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் உங்கள் வாய்க்கால் கரையிலும் இருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது.

நான் தோற்ற கதை

இதை மற்ற வக்கீல்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கும் அந்தத் தாளில் நல்ல மார்க்குதான். தொழிலுக்கு வந்த புதிதில் விளவங்கோட்டுப் பக்கத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மேலே இருந்த ஒரு ரப்பர் பால் பதனிடும் இடத்திலிருந்து கழிவுநீர் அவர்கள் ஏலாவுக்குள் இறங்கி நெல் கருகிவிட்டது என்றார்கள். நான் வேலூர்த் தீர்ப்பு, நொய்யல் தீர்ப்பு எல்லாம் போட்டுப் பதினாலு பக்கத்துக்கு மனு எழுதினேன்.

எந்தத் தேதியில் முதல் தடவை கழிவு வந்தது என்று நான் கேட்கவில்லை. கழிவு ஓடும்போதே வாரியத்தின் பொறியாளரை வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதிகாரி வந்த நாளில் ஓடை சுத்தமாக இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என் பதினாலு பக்கத்தைத் தொடவே இல்லை. "எந்தத் தேதி? யார் பார்த்தது? ஆய்வு அறிக்கை எங்கே?" என்று மூன்றே கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஏலாவில் இப்போது நெல் இல்லை. பாதியில் வாழை நிற்கிறது, மீதியில் வீடு.

நெல்லையில் நடந்தது

இதற்கு நேர்மாறான ஒன்று 2024 டிசம்பரில் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. குவியலைக் கிளறியபோது ஊசி, குழாய், கையுறைகளோடு நோயாளிகள் சம்பந்தப்பட்ட காகிதங்களும் கிடைத்தன. அவை திருவனந்தபுரத்து மருத்துவமனைகளைக் காட்டிக்கொடுத்தன. விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனது. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கேரளத்துக்கு உத்தரவு வந்தது. டிசம்பர் 22ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

வேலூரில் 28 வருடம், நெல்லையில் சில நாள். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே நாட்டுச் சட்டம். ஆற்றிலும் மண்ணிலும் ஊறிப்போன விஷத்தை வாரியெடுப்பதும் ஒரு குவியலை அள்ளுவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் நெல்லையில் வேகம் கிடைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கழிவுக்கு விலாசம் இருந்தது. யாருடையது என்ற கேள்விக்குக் கையில் காகிதம் இருந்தது. அந்த ஆதாரத்தைச் சட்டம் படித்தவர்கள் தேடிப் போகவில்லை; அது கிடந்தது ஊருக்குள்.

முதல் நாள் செய்ய வேண்டியது

1. மூட்டைகளை உடனே எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். நாற்றம் தாங்காமல் எல்லோரும் செய்வது அதைத்தான். அதோடு ஆதாரமும் போய்விடும். கையுறையும் நீளக் கம்பும் வைத்துக் கொண்டு மேலாகப் பாருங்கள். கடைப் பெயர், பில், மருந்துச் சீட்டு, பார்சல் ஒட்டு எது இருந்தாலும் இருந்த இடத்திலேயே படமெடுங்கள். ஊசி, ரத்தம் பட்ட துணி தெரிந்தால் தொடவே வேண்டாம்.

2. போனில் படமெடுக்கும்போது இருப்பிடம் பதிவாகும்படி வையுங்கள். சானல் மதகு, மைல்கல், பாலம் என்று அடையாளம் தெரிகிற பொருள் ஒன்று படத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள். எடுத்த போன் கையில் இருந்தால் அது எளிது.

3. லாரியைக் கண்டால் நம்பர், நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். மறிக்கப் போய் அடிபட வேண்டாம். சோதனைச்சாவடி வழியாக வந்த வண்டி என்றால் அங்கே கேமரா பதிவு இருக்கும். அதை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள்.

4. போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாய்ப்புகார் காற்றோடு போகும்.

5. கிராம நிர்வாக அலுவலரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அடங்கலில் உங்கள் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். உதவி வேளாண்மை அலுவலர் வயலைப் பார்த்துப் பயிர்ச்சேதத்தை எழுதிக் கொடுத்தால் பின்னால் நட்ட ஈடு கேட்க அதுதான் அஸ்திவாரம்.

மனு யாருக்கு?

உங்கள் வக்கீல் கலெக்டருக்கு மனு கொடுக்கச் சொன்னது தப்பில்லை. கலெக்டருக்கு மட்டும் கொடுத்ததுதான் போதவில்லை. ஒரே மனுவை நான்கு இடத்துக்கு அனுப்புங்கள்.

முதலாவது, நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர். நீர்ச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நீரோடையில் கழிவு போடுவதைத் தடை செய்கிறது. நீரோடை என்றால் ஆறு மட்டும்தான் என்று சிலர் வாதாடுவார்கள். சட்டத்தின் விளக்கத்தில் இயற்கையானதும் வெட்டியதும் இரண்டும் அடங்கும். தண்ணீர் ஓடும் கால்வாயும் தற்போது வறண்டு கிடக்கும் கால்வாயும் அடங்கும். ஆகவே தோவாளை சானலானாலும் அனந்தனார் சானலானாலும் அணையை அடைத்த மாதத்தில்கூட அது நீரோடைதான்.

இரண்டாவது, ஆர்.டி.ஓ. பத்மநாபபுரம் கோட்டத்தில் இருப்பவர்களுக்கு சப்-கலெக்டர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது இப்போது புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. பொதுவழி, பொதுநீர் வழியில் தொல்லை இருந்தால் அகற்றச் சொல்லி இவர் உத்தரவு போடலாம். முறைப்படி போட்ட உத்தரவைச் சிவில் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. 1980இல் ரத்லாம் என்ற ஊரின் சாக்கடை வழக்கில், பணமில்லை என்று சொல்லி நகராட்சி தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான். நம் ஊரில் அதிகம் பயன்படாமல் கிடக்கும் நல்ல ஆயுதம் இது.

மூன்றாவது, சானலுக்குப் பொறுப்பான நீர்வளத்துறைப் பொறியாளர். நான்காவது, ஊராட்சி. அடுத்த கிராமசபையில் தீர்மானம் போட வையுங்கள். தீர்மான நகல் கோர்ட்டில் எடையுள்ள காகிதம். மாதா மாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதை எழுப்பிப் பதிவு செய்யுங்கள்.

எல்லாம் தபாலில், ஒப்புகையோடு. முப்பது நாளில் பதில் இல்லையென்றால் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு: "என் மனுமீது என்ன நடவடிக்கை? ஆய்வு நடந்ததா? அறிக்கை நகல் தருக." இந்தக் கேள்வி பல கோப்புகளை எழுப்பிவிட்டிருக்கிறது.

இந்தத் தேதியை மறக்காதீர்கள்

பசுமைத் தீர்ப்பாயத்தில், கேடு முதன்முதலில் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள் தருவார்கள். அதற்கப்புறம் கதவு அடைபடும். நட்ட ஈடு, கெட்ட நிலத்தைச் சரிசெய்வது ஆகியவற்றுக்கு மட்டும் ஐந்து வருட அவகாசம் உண்டு. தொழிற்சாலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதானால் முப்பதே நாள். கலெக்டர் பார்ப்பார், வாரியம் பார்க்கும் என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிகாரம் உங்களுக்காக நிற்காது.

தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. நட்ட ஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் அங்கே கட்டாயமில்லை என்பதால் உங்கள் படமும் குறிப்பேடும் அங்கே பேசும். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். சட்டக் கல்லூரிகளும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. அங்கேயும் போய்க் கேளுங்கள். மாணவர்களுக்கு அது பாடம், உங்களுக்கு உதவி.

இப்போது வாசகர்களின் மற்ற கேள்விகள்.

கேள்வி: பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவுநீரை நானே பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்து ரிசல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். இது கோர்ட்டில் செல்லுமா?

பதில்: அந்தத் தொழிற்சாலை மீது நீர்ச் சட்டப்படி குற்ற வழக்கு நடத்த அது மட்டும் போதாது. 21ஆம் பிரிவு ஒரு முறை வைத்திருக்கிறது. வாரிய அதிகாரி மாதிரி எடுக்க வேண்டும், ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அறிக்கை செல்லாது. பல வழக்குகள் விழுவது இந்த இடத்தில்தான். ஆனாலும் உங்கள் லேப் ரிசல்ட் வீண் இல்லை. அதைக் காட்டி, "இன்ன நேரத்தில்தான் கழிவு திறந்துவிடுகிறார்கள், அப்போது வந்து முறைப்படி எடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். பத்து நாள் தொடர்ந்து நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு சொன்னால் அதிகாரியால் தட்ட முடியாது. வாரியமே வழக்குப் போடவில்லையென்றால், அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்களே கோர்ட்டில் புகார் செய்ய 49ஆம் பிரிவு வழி விடுகிறது. அப்போது வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளை உங்களுக்குத் தர வேண்டும்.

கேள்வி: எங்கள் பத்தில் நடு வயலை ஒருவர் மண்ணடித்து மனை போடுகிறார். கேரளத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறதாமே? நமக்கு இல்லையா?

பதில்: கேரளத்தில் 2008ஆம் ஆண்டு முதல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்க்காரர்கள்தான். எல்லை மாறியதும் சட்டம் மாறிவிட்டது. நமக்கு அப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு இருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன்அனுமதி தேவை. நன்செய் என்றால் கலெக்டர் வரைக்கும் போக வேண்டும். மண்ணடிக்கும் நாளிலேயே தாசில்தாருக்கும் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். வாய்க்கால், வடிகால் அடைபடுகிறது என்றால் புலப்படத்தில் அதைக் குறித்து நகல் இணையுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு வந்தால் வழக்கு பத்து வருடம்.

கேள்வி: மகள் சட்டம் படிக்கிறாள். சுற்றுச்சூழல் வக்கீலாக வேண்டும் என்கிறாள். அது சோறு போடுமா?

பதில்: அதை மட்டும் நம்பி நம் மாவட்டக் கோர்ட்டில் உட்கார்ந்தால் முதல் சில வருடம் கஷ்டம்தான். ஆனால் நில எடுப்பு, பட்டா, பாசன வழக்குகளோடு சேர்த்துச் செய்தால் நிச்சயம் போடும். ஐந்து வருடப் படிப்பில் இருபது வாரமாவது வெளியே பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. அதில் சில வாரமாவது கோர்ட்டை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். பேச்சிப்பாறையிலிருந்து கடைவரம்பு வரை ஒரு சானல் கூடவே நடக்கட்டும். மதகு எது, மறுகால் எது என்று லஸ்கரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கலும் புலப்படமும் வாசிக்கப் பழகட்டும். ஈரநிலம் என்று பாடத்தில் படித்திருப்பாள். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளத்தையும் வேம்பனூர் குளத்தையும் வரப்பில் நின்று பார்க்கட்டும். தீர்ப்பு தெரிந்த வக்கீல்கள் நிறைய இருக்கிறார்கள். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கி "இதுதான் அடைத்த இடம்" என்று காட்டத் தெரிந்த வக்கீல்தான் நமக்குக் குறைவு.

தோவாளை வாசகருக்கு ஒரு வார்த்தை. மனு கொடுத்தே ஒன்றரை மாதம் போய்விட்டது. மிச்சம் நாலரை மாதத்துக்கும் குறைவு. மூட்டை வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, ஆறாவது மாதத்தில் அதே தேதியையும் வட்டமிட்டு வையுங்கள். அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டே அடுத்த தடவை வக்கீலைப் பாருங்கள்.